ஒன்பது அங்குலச் சுவர்

தம்பி,

சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கும் மனிதருக்கு, இந்தப் பக்கத்திலிருந்து தட்டுவது நான்தான், உன் அப்பா இல்லை என்பது தெரியுமா? இரண்டு வருடமாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். எனக்கு விடை தெரியாது. பௌதிகம் படித்தவள், பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறவள், ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு காலம் திரிந்ததில்லை. விடை கிடைக்கும், இல்லாவிட்டால் கேள்வி பிழை என்று விட்டுவிடுவேன். இதை விடமுடியவில்லை.

போன கிழமை தொலைபேசியில் நீ கேட்டதற்கும் இதுதான் காரணம். "அம்மா, போன மாசம் வந்தபோது நான் படியில நிண்டு பாத்தனான்" என்றாய். "மோதிரத்தால சுவரைத் தட்டிப்போட்டு, ஆரோ பதில் சொல்லப் போகினம் எண்ட மாதிரி நிண்டனீங்கள். சத்தம் எனக்கும் கேட்டது. அது மரம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். பிறகு ஏன் மரத்துக்குப் பதில் சொல்லுறியள்?" பிறகு நீ குரலைத் தாழ்த்தி, "ஒரு டொக்டரிட்டக் கதைச்சுப் பாப்பமே?" என்றாய். பக்கத்தில் அவள் நின்றிருக்கவேண்டும். அடுத்த மாதம் உன்னைக் கட்டப்போகிறவள், மாமியாருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று தொலைபேசிக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருப்பாள். நான் சோதனைத்தாள் திருத்தக் கிடக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். கல்யாணம் முடிந்ததும் இந்த வீட்டை விற்றுவிட்டு மெல்பேணை விட்டுவந்து இந்த நகரத்து டூங்கபியில் நீ கட்டும் வீட்டுக்கு உங்களோடு வரவேண்டும் என்று நீ கேட்கும்போதெல்லாம் நான் ஏதாவது சாட்டுச் சொன்னேன். வீடு விற்கும் தரகரும் என் சொல்லுக்காகக் காத்திருக்கிறார். நீ என்னைப் பிடிவாதக்காரி என்று நினைத்தாய். இப்போது வேறு விதமாக நினைக்கிறாய். அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். வாயால் சொல்ல எனக்கு வராது.

நியூடவுனில் இந்த வீட்டை வாங்கியபோது நீ பள்ளிக்கூடம் முடிக்கவில்லை. உனக்குப் பிடிக்கவில்லை. உன் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் முன்னுக்குப் புல்லும் பின்னுக்குப் புல்லும் உள்ள வீடுகளில் இருந்தார்கள். இந்தத் தெருவை அப்போது வெள்ளைக்காரர் விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்; கிரேக்கர்களும் மாணவர்களும் நாங்களும் வந்துகொண்டிருந்தோம். அப்பாவுக்கோ முதல் நாளே பிடித்துவிட்டது. ஊரில் பொறியியலாளராக இருந்தவரை இங்கே வரைவாளர் மேசையில்தான் உட்கார வைத்தார்கள். அதைப்பற்றி அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை, ஆனால் பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் இந்த வீட்டை ஒரு பொறியியலாளராகப் பார்த்தார். "இஞ்சேரும், இது வீடில்லை" என்பார். "தெரு முழுக்க ஒரே கட்டடம். கேக்கை வெட்டின மாதிரி வெட்டி ஆளுக்கொரு துண்டு குடுத்திருக்கிறாங்கள்." தெருப்பக்கம் கல் மாதிரித் தெரியச் சாந்து பூசி, மேல்மாடியில் பன்னச்செடி இலை வடிவில் வார்த்த இரும்புக் கிராதி வைத்திருக்கிறார்கள், பின் சந்துக்குப் போய்ப் பார்த்தால் வெறும் செங்கல், புகைபடிந்த சிவப்பு. "முகத்துக்கு மட்டும் பவுடர்" என்பார். நடுவில் வெளிச்சமே போகாத செங்குத்தான படிக்கட்டு, ஒரு படி இறங்கிக் குசினி, அதற்குப் பின்னால் துவைக்கிற அறை, கடைசியில் சந்தை ஒட்டிக் கழிப்பறை. இவ்வளவுதான். அகலம் ஒரு அறையும் ஒரு நடைபாதையும்.

ஆனால் அவரை உண்மையாகப் பிடித்துக்கொண்டது பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் நிற்கும் சுவர். ஒன்பது அங்குலத் தடிப்பு. சுண்ணாம்புச் சாந்து, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். எங்கள் தளத்தைத் தாங்கும் மரச் சட்டங்களும் அவர்களுடைய தளத்தைத் தாங்கும் சட்டங்களும் அந்த ஒரே சுவருக்குள் இரண்டு பக்கமிருந்தும் தலையை நுழைத்திருக்கின்றன. அவர்களுடைய வீடு எங்களுடையதைக் கண்ணாடியில் பார்த்தது போல. எங்கள் கணப்படுப்பின் முதுகோடு அவர்கள் கணப்படுப்பின் முதுகு ஒட்டியிருக்கிறது. இரண்டு புகைவழிகளும் பக்கத்தில் பக்கத்தில் ஏறி ஒரே புகைபோக்கியாகக் கூரைக்கு மேல் வருகின்றன. "பாதிச் சுவர் எங்கட, பாதி அவங்கட எண்டு வீட்டு உறுதிப் பத்திரத்தில எழுதிக் கிடக்கு" என்று ஒருநாள் சிரித்தார். "எது எங்கட பாதி எண்டு கோடு கீறிக் காட்டும் பாப்பம்." நான் அதைக் கேட்டுவிட்டுக் குசினிக்குப் போய்விட்டேன். அவர் சொல்வதில் பாதியை நான் அப்படித்தான் கேட்டிருக்கிறேன்.

அந்த வீட்டில் தனாசியும் எலேனியும் இருந்தார்கள். கிரேக்கர்கள், எங்களைவிட நன்றாக வயது கூடியவர்கள். எலேனியை நான் கண்ட நாளிலிருந்து கறுப்பு உடுப்புத்தான்; தாயோ தமையனோ செத்ததற்காகப் போட்டது, பிறகு கழற்றவில்லை. தனாசி தொழிற்சாலையில் வேலை செய்து இதயம் பழுதாகி வீட்டோடு இருந்தார். எனக்கு அவர்களோடு பழக்கம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பின் வேலிக்கு மேலால் தலையாட்டுவோம். அவளுக்கு உடைந்த ஆங்கிலம்தான். நான் அந்நியரோடு பேசுவதில் எப்படி என்று உனக்குத் தெரியும்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி மேலே முன்னறையில் படுக்கையான காலம் நீ மெல்பேணில் பல்கலைக்கழகத்தில் இருந்தாய். அதனால் உனக்கு இது தெரியாது. அவருடைய கட்டிலின் தலைமாடு கணப்படுப்புப் பக்கம். தனாசியும் அப்போது படுக்கை. அவருடைய கட்டிலும் அதே அறையில், அதே இடத்தில், கண்ணாடியில் பார்த்தது போல. இரண்டு நோயாளிகளின் தலைகளுக்கு நடுவில் ஒன்பது அங்குலச் செங்கல். தனாசி பின்னேரங்களில் ரேடியோவில் கிரேக்கப் பாட்டை உரக்கப் போடுவார். ஒருநாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அப்பா கைத்தடியோடு இருந்தார். "ரேடியோவைக் குறைக்கச் சொல்லித் தட்டினனான். விசரன் திருப்பித் தட்டுறான்" என்றார். மறுநாள் அதே நேரம் அந்தப் பக்கமிருந்து தட்டல் வந்தது. இரண்டு, கொஞ்சம் பொறுத்து ஒன்று. அப்பா கோபமாகவே பதில் தட்டினார். அதற்கடுத்த நாள் அவ்வளவு கோபமில்லை. பிறகு அது வழக்கமாகிவிட்டது. விளக்கு வைக்கிற நேரம் வந்தால் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். "என்ன சொல்லுறார் உங்கட சிநேகிதன்?" என்று கேட்பேன். "உயிரோட இருக்கிறாராம்" என்பார்.

அப்பா ஆஸ்பத்திரியில் செத்தார், உடலை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, தகனமும் வெளியேதான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் வீடு ஆட்களால் நிறைந்திருந்தது. எலேனியும் ஒரு தட்டில் தான் சுட்ட பாணோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் முடிந்து ஆட்கள் போன கிழமை, நீ மேலே முன்னறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாய். நான் உன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் கட்டில் அங்கேதான் கிடந்தது, விரிப்பில்லாமல். தட்டல் வந்தது. இரண்டு, பொறுத்து ஒன்று. நீ வெளுத்துப்போய், "அம்மா... அப்பா" என்றாய். நான் யோசிக்கவில்லை. "மரம் சுருங்குது. பகல் வெயிலுக்கு விரிஞ்சது இப்ப சுருங்குது" என்றேன். அது பொய் இல்லை, தம்பி. நான் அப்படித்தான் நம்பினேன். எலேனி வந்து போனவள். அவள் புருஷனுக்கும் விஷயம் தெரிந்திருக்கும். செத்தவருடைய சுவரை யார் தட்டப்போகிறார்கள்? ஆகவே மரம். நீ தலையாட்டினாய். ஆனால் அதற்குப் பிறகு எத்தனை தரம் வந்தாய், ஒருதரமாவது அந்த அறையில் படுத்தாயா? மெல்பேணிலேயே வேலையும் எடுத்துக்கொண்டாய். நான் விளக்கம் சொல்லிப் பழகியவள். நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டுப் பழகவில்லை. உனக்குப் புத்திமதி என்று ஒன்று சொல்வதானால் இதுதான்: உன்னைக் கட்டப்போகிறவள் ஒரு சத்தத்துக்குப் பயந்தால் அது என்ன சத்தம் என்று உடனே சொல்லிவிடாதே. கொஞ்சநேரம் சேர்ந்து கேள்.

நீ போன பிறகு ஒருநாள் மேல்மாடி இரும்புக் கிராதி முகப்பில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் முகப்புக்கும் அவர்களுடையதுக்கும் நடுவில் அந்தச் சுவர் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது அல்லவா, அதைச் சுற்றி எலேனியின் தலை வந்தது. அவளுடைய ஆங்கிலத்தை நான் தமிழில்தான் எழுதமுடியும். "மிஸஸ், என்ர மனுசன் தட்டுறான். உங்கட மனுசன் ஏன் தட்டேல்லை எண்டு கேக்கிறான். நான் சொல்லேல்லை" என்றாள். நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "சொன்னா இது நிண்டுபோம்." அவ்வளவுதான். தலை உள்ளே போய்விட்டது. எதுவும் செய்யும்படி அவள் கேட்கவில்லை. அன்று பின்னேரம் தட்டல் வந்தபோது நான் கட்டிலருகே போனேன். கைத்தடியை எடுக்க மனம் வரவில்லை. கல்யாண மோதிரத்தால் தட்டினேன். இரண்டு, பொறுத்து ஒன்று. அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது, சிரிப்பாகவும் இருக்கலாம்.

அன்றிலிருந்து தட்டுகிறேன். ஆவி, பேய் என்று எதையும் நம்பாதவள், ஒரு வீட்டின் ஆவியாக நானே இருந்துகொண்டிருக்கிறேன். முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்தால் நேரமாகிறதே என்று மனம் பதைக்கத் தொடங்கியது. நான் தட்டும்போது யாராகத் தட்டுகிறேன் என்பது சில நாட்களில் எனக்கே தெளிவில்லை. அப்பா உயிரோடு இருந்தபோது அந்த அறையில் இவ்வளவு நேரம் அவரோடு இருந்ததில்லை.

உன் நிச்சயதார்த்தத்துக்காகப் பள்ளி விடுமுறையில் மெல்பேணுக்கு வந்தேனே, அந்த நாட்கள் முழுவதும் பெண் வீட்டார் பேசியதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது, அங்கே யார் பதில் சொல்வார்கள் என்றே இருந்தது. திரும்பி வந்த அன்று பெட்டியைக்கூடத் திறக்காமல் மேலே ஓடினேன். தட்டல் வந்தது. முன்னைவிட மெதுவாக இருந்தது. நோய் முற்றிவிட்டது என்று நினைத்தேன். அந்தக் கிழமை எலேனி ஒரு கிண்ணத்தில் அவித்த கோதுமை கொண்டுவந்து தந்தாள். மேலே சீனி தூவி, பாதாம் பருப்பால் சிலுவை மாதிரி அலங்காரம். நிச்சயதார்த்தம் என்று போகுமுன் வேலியில் சொல்லியிருந்தேன், அதற்கு இனிப்பு என்று சந்தோஷப்பட்டேன். வெறும் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் பழக்கமில்லையே. பெண் வீட்டார் தந்துவிட்ட பயற்றம் பணியாரத்தில் கொஞ்சம் வைத்துக் கொடுத்தேன். அவள் வாங்கிக் கண்ணீர் விட்டாள். கல்யாணம் என்றால் சில பெண்கள் அழுவார்கள். நானும் அவள் தோளைத் தொட்டேன். நான் அப்படித் தொடுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

உன் புதுவீட்டின் வரைபடத்தைப் பார்த்தேன். நாலு பக்கமும் காற்று. எனக்கென்று ஒரு அறை, கிழக்கு யன்னலோடு. நன்றாக வரைந்திருக்கிறாய். அங்கே செங்கல் வெறும் தோல்தான், உள்ளே மரச்சட்டம்தான் பாரத்தைத் தாங்குகிறது என்று நீயே சொன்னாய். அதில் பிழையில்லை. தட்டினால் யாருக்கும் கேட்காது, அவ்வளவுதான். நான் வரமாட்டேன் என்பது பிடிவாதமுமில்லை, வருத்தமுமில்லை. அந்தப் பக்கம் ஒரு மனிதர் ஒவ்வொரு பின்னேரமும் ஒரு பதிலுக்காகக் காத்திருக்கிறார். நான் வீட்டை விற்றுவிட்டு வந்தால், உன் அப்பா இரண்டாம் முறை சாவார், அவருக்கு. அதைச் செய்ய என்னால் முடியவில்லை. இப்போது டொக்டரிடம் போகவேண்டுமா இல்லையா என்பதை நீயே சொல்லு.

ஆனாலும் உனக்கு ஒரு பதில் தரவேண்டும். நாளைக்குச் சனிக்கிழமை. எலேனியிடம் போய் நேரே கேட்கப்போகிறேன்: நான் போனால் அவருக்கு என்ன சொல்லப்போகிறாய் என்று. இத்தனை வருடத்தில் அந்த வீட்டுக்குள் நான் கால் வைத்ததில்லை. போய்வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

இது சனிக்கிழமை, பின்னேரம்.

காலையில் போனேன். கதவைத் திறந்ததும் என் கால் தானாக வலப்பக்கம் திரும்ப, சுவரில் முட்டிக்கொண்டேன். அங்கே எல்லாம் இடம் மாறி இருக்கிறது. கீழே முன்னறையில் எலேனியின் கட்டில் போட்டிருந்தது. கணப்படுப்பின் மேல்தட்டில் சிவப்புக் கண்ணாடிக்குள் எண்ணெய் விளக்கு எரிந்தது. அதற்குப் பின்னால் தனாசியின் படம், கறுப்பு நாடா கட்டி.

"எப்ப?" என்று கேட்டேன்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "நீங்கள் மெல்பேண் போனியள், அப்ப. ஆஸ்பத்திரியில. உங்களுக்குக் கோதுமை தந்தனான். செத்தவருக்கு அவிக்கிற கோதுமை. நீங்கள் சாப்பிட்டனீங்கள்தானே? நீங்களும் அவருக்கு இனிப்புத் தந்தனீங்கள்."

நான் ஓம் என்றேன்.

"ஆஸ்பத்திரியில கேட்டவர், எனக்காகத் தட்டு எண்டு. தட்டினனான். நாப்பது நாள். நீங்களும் பதில் தட்டினீங்கள். நீங்கள் உங்கட மனுசனுக்காக, நான் என்ர மனுசனுக்காக. நல்லது." பிறகு முழங்காலைத் தட்டிக் காட்டினாள். "நாப்பது முடியக் கட்டிலைக் குடுத்திட்டன். மேல அறையைப் பூட்டிட்டன். இந்தக் காலோட படி ஏறேலாது. கீழதான் படுக்கிறன்."

நான் அவளுடைய கதிரையில் உட்கார்ந்தேன். நாற்பது நாள் முடிந்து எத்தனையோ கிழமையாகிவிட்டது. நீ படியில் நின்று பார்த்தது போன மாதம். உனக்கும் கேட்டது என்று நீதான் சொன்னாய்.

"நீங்களும் விட்டிட்டியள்தானே?" என்று கேட்டாள்.

"ஓம், விட்டிட்டன்" என்றேன்.

எழுந்து வரும்போது, இவ்வளவு காலம் வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். தட்டியது நான் என்று அவருக்குத் தெரியுமா? எலேனி சொன்னாள்: "ஒருநாள் சொன்னவர், இப்ப அவன் மரியாதையாத் தட்டுறான் எண்டு. வேற ஒண்டும் சொல்லேல்லை." அவளுக்கு அதன் பொருள் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து தரகருக்குத் தொலைபேசி எடுத்தேன். அடுத்த கிழமை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். உன் வீட்டுக்கு வருகிறேன், தம்பி. கிழக்கு யன்னல் அறை எனக்குப் போதும். அவளிடம் சொல்லு, மாமி தானாகத்தான் சம்மதித்தாள் என்று.

பிறகு தேத்தண்ணி போட்டுக்கொண்டு மேலே போனேன். முகப்பில் நின்று சுவரைச் சுற்றி எட்டிப் பார்த்தேன். அவர்களுடைய முன்னறை யன்னல் அடைத்திருந்தது, கண்ணாடியில் தூசி. இன்று வெயில் நன்றாக எறித்தது. வெயில் இறங்கினால் மரம் சுருங்கும். சட்டங்கள் இரண்டு பக்கமிருந்தும் ஒரே சுவருக்குள் இருக்கின்றன, ஒன்று அசைந்தால் மற்றதும் அசையும். இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயங்கள்.

விளக்கு வைக்கிற நேரம் தட்டல் வந்தது. இரண்டு, பொறுத்து ஒன்று.

"மரம்" என்று வாய்விட்டுச் சொன்னேன். பிறகு மோதிரத்தால் பதில் தட்டினேன்.